பின் சீட்டுக்கு ஆகாத டயர்

இந்தத் தடவை பின் சீட்டில் ஒரு ஈ கூட உட்காரக் கூடாது என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்தார்.

சாதாரண முடிவு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்த முடிவு. அப்போது அவர் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரின் கண்ணுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்க வேண்டிய இடத்தில், "தெரியணும்! தெரிஞ்சே ஆகணும்!" என்று மேஜையைத் தட்டினார். பெரியவர் மிரண்டுபோய், தெரியாத எழுத்தையெல்லாம் தெரிகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

விஷயம் இதுதான். கண்ணாடிக்காரருக்கு ஒரு சின்னக் கார் இருந்தது. அதில் ஐந்து பேர் உட்காரலாம் என்று செய்தவன் ஏதோ ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தான். மனைவியின் வீட்டார் அதைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டார்கள். எங்கே கிளம்பினாலும் முன் சீட்டில் மாமியார். முழங்கால் வலிக்காரர், காலை நீட்டித்தான் உட்கார முடியும். பின்னால் ஒரு ஜன்னலோரம் மனைவியின் அக்கா. மறு ஜன்னலோரம் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது சகலை. அந்த இரண்டு பேருடைய முழங்கைகளுக்கும் நடுவில் மனைவி. கண்ணாடிக்காரர் தன் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். அதிலும் முக்கால்வாசியைச் சகலையின் தலை அடைத்துக்கொள்ளும்.

கல்யாணமான புதிதில் அவரும் மனைவியும் மலை மேல் இருக்கும் ஒரு ஏரிக்குப் போயிருந்தார்கள். அப்போது கார் ஏது? மோட்டார் சைக்கிள். வழியெல்லாம் மழை. இரண்டு பேருக்கும் ஒரே மழைக்கோட்டு. பாதி பாதியாக நனைந்து, போய்ச் சேரும்போது இரண்டு பேருக்கும் தும்மல். அதைப் போல ஒரு சுகமான தும்மல் அவருக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

பிறகு கார் வந்தது. காரோடு எல்லாரும் வந்தார்கள். போன வருஷம் அதே ஏரிக்குப் போனபோது, சகலை படகின் நடுவில் நின்றுகொண்டு ஏரி எப்படி உண்டாகிறது என்று படகுக்காரருக்கே பாடம் எடுத்தார். கண்ணாடிக்காரர் துடுப்புப் போட்டார். மனைவி கரையில் மாமியாரின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அவர் விடுதியில் ஏரியைப் பார்த்த அறை ஒன்றைச் சத்தம் போடாமல் பிடித்துவைத்தார். இரண்டு பேருக்கான அறை. மனைவியிடம் சொன்னார். மனைவிக்கு ஏக சந்தோஷம். அன்று மாலையே தன் அம்மாவுக்குப் போன் போட்டு, "ஏரிக்குப் போறோம்மா" என்றாள். அந்தக் குடும்பத்தில் "போறோம்" என்றால் ஐந்து பேர்.

"நாம ரெண்டு பேர் மட்டும் போகலாமே" என்று அவளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனார். மனைவி ஆஸ்பத்திரிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்டுக்கே பொறுப்பான நர்ஸ். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தால், காய்ச்சல் இருக்கிறவனுக்கே காய்ச்சல் இறங்கிவிடும்.

"என்னங்க?"

"வந்து... நாம..."

"நாம?"

"நாம குடிக்கற தண்ணியைக் கொதிக்க வெச்சியா?"

"வெச்சாச்சு."

அத்தோடு சரி. வாயால் ஆகாததை வேறு எதனாலாவது சாதித்தே தீர வேண்டும் என்று கண்ணாடிக்காரர் வெறியோடு திரிந்தார். அந்த வேறு எதுவோ ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்க வந்த இளைஞனின் உருவில் கடைக்குள் நுழைந்தது.

அவன் வாசலில் நிறுத்திய காரில் பளபளவென்று பெரிய அலாய் வீல். பார்த்தவர் கண் கூசியது. ஆனால் அவன் முகத்தில் ஒளி இல்லை.

"வீல் பிரமாதமா இருக்கே தம்பி!"

"அதை ஏன் சார் கேக்கறீங்க? வீல் சரியாத்தான் வாங்கினேன். டயர் அளவு தப்பாயிடுச்சு. பின்னாடி யாராவது ஏறினா மட்கார்டுல உரசுது. நண்பர்களை ஏத்திக்கவே முடியல. தனியாவே சுத்தறேன் சார்!"

சொல்லும்போதே அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்ணாடிக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனந்தத்தில்.

"ஒருத்தரையும் ஏத்த முடியலையா?"

"ஒருத்தர்னா பரவாயில்ல, பள்ளத்துல லேசா ஒரு முணுமுணுப்பு. ரெண்டு பேர்னா கத்துது."

"தம்பி, உக்காரு. உனக்குப் பிடிச்ச கண்ணாடியை எடுத்துக்கோ. அந்த டயர் விவரத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாச் சொல்லு."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் பேச்சைத் தொடங்கினார். பழைய வீலெல்லாம் துருப்பிடித்துவிட்டது, மலைப் பாதைக்கு ஆகாது, அலாய் வீல் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றார். மனைவி எதிர்ப்பாள் என்று நினைத்து எட்டு விதமான பதிலோடு தயாராக இருந்தார்.

"போடுங்களேன்" என்றாள் அவள்.

எட்டுப் பதிலும் வீண். கண்ணாடிக்காரருக்குச் சற்று ஏமாற்றமாகக் கூட இருந்தது.

டயர் கடைக்காரர் பேச்சுக்காரர். காற்று அடிக்க வந்தவரைக் கூட ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிடுவார். கண்ணாடிக்காரர் பதினாறு இஞ்ச் அலாய் வீல் நான்கைத் தேர்ந்தெடுத்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"சார், வீல் வாங்கறது சுலபம். அதுக்கு டயர் பார்க்கறதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. டயர் பக்கத்துல மூணு எண் இருக்கு பாருங்க. முதல் எண் அகலம். கடைசி எண் வீலோட குறுக்களவு. இந்த நடு எண் இருக்கே, இதுதான் சூட்சுமம். ரப்பர் சுவர் எவ்வளவு உயரம்ங்கறதை இது சொல்லும். அகலத்துல இத்தனை சதவீதம்னு."

"சரி."

"உங்க பழைய வீல் பதினாலு. புதுசு பதினாறு. வீல் வளர்ந்தா சுவர் குறையணும். மொத்தத்துல டயரோட உயரம் பழைய உயரமாவே நிக்கணும். அப்பதான் வண்டி வண்டியா இருக்கும். உங்களுக்கு நடு எண் நாப்பத்தஞ்சு. அதைப் போட்டா கச்சிதம். கல்லு மாதிரி ஆளுங்க மூணு பேர் ஏறினாலும் உரசாது."

"உரசாதா?"

"உரசவே உரசாது!"

"அப்ப அது வேண்டாம்."

கடைக்காரர் காதைக் குடைந்துகொண்டார். "சார்?"

"உரசற அளவு எது?"

"உரசற அளவு எதுக்கு சார்?"

"நீங்க சொல்லுங்க. எது உரசும்?"

"நடு எண் அம்பத்தஞ்சு போட்டா உரசும். ஆனா அதை யாரும்..."

"எவ்வளவு உரசும்?"

"சார், நான் இந்தத் தொழிலுக்கு வந்து தலையில பாதி முடி போயிடுச்சு. உரசக் கூடாதுன்னு சண்டை போட்டவங்களைப் பார்த்திருக்கேன். உரசணும்னு கேட்டு வந்தவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க ஏதாவது பரிசோதனை பண்ற அதிகாரியா?"

"நான் ஒரு குடும்பஸ்தன்."

கடைக்காரருக்கு அதில் ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. முன்னால் அதைப் போட்டால் திரும்பும்போதெல்லாம் பிடிக்கும் என்றார். முன்னால் சரியான அளவையே போடுங்கள், பின்னால் மட்டும் தப்பானதைப் போடுங்கள் என்றார் கண்ணாடிக்காரர். பார்க்க நன்றாக இருக்காது என்றார் அவர். பார்க்கிறதுக்கு நான் கண்ணாடி தருகிறேன் என்றார் இவர். நீண்ட தூரம் போனால் டயர் தேய்ந்துவிடும் என்றார் அவர். தேயும்படி யாரையும் ஏற்றவே மாட்டேன், அதற்காகத்தானே இந்தப் பாடு என்றார் இவர். கடைசியில் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஜாக்கியை எடுத்தார்.

மாட்டி முடித்ததும் சோதனை. கண்ணாடிக்காரரின் கண் தொழில் கண். அரை நூல் பிசகினாலும் விடாது. முதலில் காலியாக ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. கடைக்காரரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினார். மூச்சுப் பேச்சில்லை. பங்ச்சர் ஒட்ட வந்திருந்த ஒரு கனமான மனிதரையும் கெஞ்சிக் கூப்பிட்டு ஏற்றினார். தெருமுனைப் பள்ளத்தில் வண்டி இறங்கியதும் "கர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் எழும்பியது.

கண்ணாடிக்காரர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"இன்னொரு தடவை ஆடுங்க" என்றார் பின்னால் பார்த்து.

"நாங்க எங்க சார் ஆடறோம்? வண்டிதான் ஆடுது" என்றார் கனமான மனிதர்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு துணியால் வீலைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். மனைவி வேலை முடிந்து வந்தாள். காரைச் சுற்றி ஒரு முறை நடந்தாள்.

"ஏங்க, வண்டி எதையோ தொலைச்சிட்டுக் குனிஞ்சு தேடற மாதிரி நிக்குது?"

"அது இப்ப உள்ள பாணி. பந்தயக் காரெல்லாம் இப்படித்தான் நிக்கும்."

"எங்க வார்டுல இடுப்பு பிடிச்சவங்க இப்படித்தான் நிப்பாங்க."

"அழகா இல்லையா?"

"முன்பக்கம் அழகா இருக்கு. பின்பக்கம் பிடிவாதமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அடுத்த நாள் மாலை, பயணத்துக்குத் திட்டம் போட என்று எல்லாரும் வந்து இறங்கினார்கள். கண்ணாடிக்காரர் காத்திருந்த நேரம் அது. பலகாரத் தட்டு காலியாகும் வரை பொறுத்தார். பிறகு, புது வீல் போட்டிருக்கிறேன், ஒரு சுற்றுப் போய் வரலாமா என்று தேன் ஒழுகக் கேட்டார். கேட்டு வாய் மூடுவதற்குள் பின் சீட்டு நிரம்பிவிட்டது.

வண்டி தெருவைத் தாண்டவில்லை. "கர்ர்ர்ர்ர்!"

"என்ன சத்தம் அது?" என்றாள் மனைவியின் அக்கா.

"சத்தமா?" கண்ணாடிக்காரர் திடுக்கிட்டவர்போல் பிரேக் போட்டார். இறங்கினார். குனிந்தார். டயரைத் தட்டினார். மட்கார்டைத் தடவினார். முகத்தில் எவ்வளவு வருத்தத்தைக் கொண்டுவர முடியுமோ அவ்வளவையும் கொண்டுவந்துகொண்டு நிமிர்ந்தார். "அடடா! போச்சு! பின்னாடி எடை தாங்கலை!"

சகலை இறங்கி வந்தார். அவருக்குத் தெரியாத துறை கிடையாது. பாதி வழுக்கையைத் தடவிக்கொண்டு டயரைக் கூர்ந்து பார்த்தார்.

"காத்து ஜாஸ்தி ஆயிடுச்சு சகல. கொஞ்சம் இறக்கி விடுங்க, சரியாயிடும்."

"காத்தை இறக்கினா டயர் கிழிஞ்சிடும்."

"அப்படியா? அப்ப கொஞ்சம் ஏத்துங்க."

"ஏத்தினா வெடிச்சிடும்."

"நான் சொல்ல வந்ததும் அதுதான்" என்றார் சகலை.

மனைவி பின் சீட்டின் நடுவிலிருந்து மெதுவாக வெளியே வந்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டு புருஷன் எதிரில் நின்றாள். அவள் வார்டில் நோயாளிகள் பொய் சொன்னால் அவள் மறுத்துப் பேசுவதே இல்லை. பசியே இல்லை சிஸ்டர் என்று முகத்தைத் தூக்கினால், "அப்படியா, பாவம்" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பாதி வராந்தா போவதற்குள் பின்னால் குரல் கேட்கும். அது அவள் தொழில் முறை. கண்ணாடிக்காரர் அந்த வார்டில் ஒரு நாளும் படுத்ததில்லை.

"மூணு பேர் உக்காந்தா உரசும். அப்படித்தானே?" என்றாள் அக்கறையாக.

"உரசும்."

"ரெண்டு பேர்?"

"உரசும்."

"ஒருத்தர்?"

கண்ணாடிக்காரர் ஒரு கணம் தயங்கினார். ஒருவர் உட்கார்ந்தால் உரசாது. ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த ஒருவர் யார் என்பதும் அவருக்குத் தெரியும். மாமியார் முன் சீட்டிலிருந்து காலை நீட்டியபடியே காதையும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர்தான் ஆபத்தே!" என்றார். "ஒரு பக்கமா எடை விழும். அந்தப் பக்கத்து டயர் படார்னு போயிடும்."

"ஐயையோ!" என்றாள் மனைவி. "டிக்கியில பெட்டி வெச்சா?"

"பெட்டியும் எடைதானே? பின்னாடி ஒரு தலையணை கூட ஆகாது."

"அப்ப இந்த வண்டியில முன்னாடி ரெண்டு பேர் மட்டும்தான் போகலாம்."

"ரெண்டே ரெண்டு பேர்."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்!" கண்ணாடிக்காரர் பானெட்டின் மேல் கையை வைத்தார். "அந்த ஆண்டவனே வந்து நின்னாலும் ரெண்டு பேருக்கு மேல கிடையாது. மலைப் பாதை. உயிர் விஷயம். இதுல நான் முகம் பார்க்க மாட்டேன்."

"நீங்களும் கேட்டுக்கோங்கம்மா" என்று மனைவி முன் ஜன்னலில் குனிந்து சொன்னாள். "அப்புறம் மாப்பிள்ளை சொல்லலைன்னு யாரும் வருத்தப்படக் கூடாது."

"மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமியார்.

"கிளம்பறதுக்குள்ள டயரை மாத்தினா?" என்றாள் மனைவி, ஏதோ அப்போதுதான் தோன்றியதுபோல்.

"அந்த அளவு டயர் கைவசம் இல்லையாம். வர நாளாகுமாம். நான் கேட்டாச்சு" என்றார் கண்ணாடிக்காரர். பொய் சொல்வது இவ்வளவு எளிதாக வரும் என்று தெரிந்திருந்தால் எத்தனையோ வருஷம் முன்பே ஆரம்பித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"சகல சொல்றது நூத்துக்கு நூறு சரி. பாதுகாப்புதான் முக்கியம்" என்று சகலையும் ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

கண்ணாடிக்காரருக்கு உள்ளே கொட்டு மேளம். வீடு திரும்பும்போது மற்ற எல்லாரும் நடந்தே வந்தார்கள். மாமியாரை மட்டும் முன் சீட்டில் வைத்து, நத்தை போல ஓட்டிக்கொண்டு வந்தார். மனதில் இரக்கம் கூட சுரந்தது. திரும்பி வரும்போது இவர்களுக்கு ஏதாவது வாங்கி வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் கண்ணாடிக்காரர் விசிலடித்தார். விசில் வராத உதடு அவருடையது, காற்றுத்தான் வந்தது. இருந்தாலும் அடித்தார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், பக்கத்தில் இருப்பது தெளிவாகத் தெரிகிறதா, அதுதான் வாழ்க்கையில் முக்கியம் என்றார். மனைவியும் உற்சாகமாகத்தான் இருந்தாள். பெட்டிகளை அவளே அடுக்கினாள். பெட்டி கொஞ்சம் பெரிதாகவும் எண்ணிக்கையில் கூடுதலாகவும் இருப்பதாக அவருக்குப் பட்டது. மடியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசித்தார். பிறகு, காதலுக்கு இது ஒரு பாரமா என்று விட்டுவிட்டார்.

கிளம்பும் காலையில் புதுச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, வாசனைத் தைலம் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

கார் உறுமிக்கொண்டு நின்றது. முன் சீட்டில் மாமியார். காலை வசதியாக நீட்டி, கழுத்துக்கு ஒரு தலையணை கூட வைத்தாகிவிட்டது. ஸ்டியரிங்கின் முன்னால் மனைவி. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். அவர் கடைக் கண்ணாடிதான். பெட்டிகள் எல்லாம் வாசற்படியில் வரிசையாக இருந்தன.

"என்னம்மா, அத்தையை அவங்க வீட்ல விட்டுட்டு வரப் போறியா?"

"இல்லீங்க. ஏரிக்குத்தான்."

"ஏரிக்கா? அப்ப நான்?"

"நீங்கதானே சொன்னீங்க, ரெண்டே ரெண்டு பேர்னு? யாரா இருந்தாலும்னு?"

"அது... நான் சொன்னது..."

"அம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ்ல ஏத்த முடியுமா, நீங்களே சொல்லுங்க. மலை வளைவுல யார் ஓட்டினா அம்மாவுக்குப் பயம் இல்லாம இருக்கும்? நான் ஓட்டினாத்தான். அப்ப கணக்கு முடிஞ்சுதே."

"மாப்பிள்ளை, நல்ல மனசு உங்களுக்கு" என்றார் மாமியார் தலையணையிலிருந்து. "பெத்த பொண்ணோட தனியா ஒரு தடவையாவது எங்கயாவது போயிட்டு வரணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. யார்கிட்ட சொல்றதுன்னு இருந்தேன். நீங்களா வழி பண்ணிட்டீங்க."

கண்ணாடிக்காரருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்துப் பேசினார்.

"இங்க பாரு, பின்னாடி ஒருத்தர் உக்கார்ந்தா அப்படி ஒண்ணும் ஆகாது. நான் ஒரு ஓரமா..."

"ஐயோ, வேண்டவே வேண்டாம்! ஒருத்தர்தான் ஆபத்தே! ஒரு பக்கமா எடை விழும்!"

"நான் நடுவுல உக்கார்ந்துக்கறேன்!"

"உயிர் விஷயம்ங்க. இதுல நான் முகம் பார்க்க மாட்டேன்."

அவர் பின் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்த்தார். விசாலமாக, சுத்தமாக, ஒரு தலையணை கூட இல்லாமல் கிடந்தது.

மனைவி கறுப்புக் கண்ணாடியைச் சற்று இறக்கி, அதற்கு மேலாக அவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"டயர் கடைக்காரர் போன் பண்ணியிருந்தார். எங்க போனாலும் என் நம்பரைத்தானே குடுத்துட்டு வரீங்க? 'அம்மா, சார் ஆசைப்பட்ட அளவுக்கு உரசுதா, இல்ல இன்னும் கொஞ்சம் உரசணுமா'ன்னு விசாரிச்சார். நல்ல மனுஷர். ரொம்பக் கவலைப்பட்டார். சரியான அளவு டயர் எப்ப வேணும்னாலும் கடையில இருக்குன்னும் சொன்னார்."

கண்ணாடிக்காரர் வாசற்படியில் இருந்த பெட்டிகளைப் பார்த்தார். பெட்டிகள் அவரைப் பார்த்தன.

"எப்ப... எப்ப போன் பண்ணார்?"

"நீங்க டயர் மாத்தின அன்னிக்கே."

"அப்ப அன்னிக்குத் தெருவுல..."

"தெரிஞ்சுதான் கேட்டேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, எப்போதோ இஸ்திரி மேஜை முன்னால் சொல்ல வேண்டியதை இப்போது சொன்னார். "நாம ரெண்டு பேர் மட்டும் போகணும்னுதான்..."

மனைவி ஸ்டியரிங் மேல் இருந்த கையை எடுத்து, ஜன்னல் வழியாக நீட்டி, அவர் புதுச் சட்டையின் காலரைச் சரி செய்தாள்.

"இதை வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே அவங்ககிட்டச் சொல்லியிருப்பேனே. நடுவுல உக்காந்து உக்காந்து எனக்கு மட்டும் ஆசையா?"

"இப்பக் கேக்கறேன்!" என்றார் கண்ணாடிக்காரர் அவசரமாக. "இப்பக் கேக்கறேனே!"

"இப்ப அம்மா ஏறி உக்காந்தாச்சு. டயரை மாத்திட்டு, அடுத்த மாசம் கேளுங்க. இந்தத் தடவை நீங்க பஸ்ல வந்துடுங்க. பெட்டியை மறந்துடாதீங்க, வண்டியில ஆகாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அறையில ரெண்டு பேர்தான் தங்கலாமாம். நானும் அம்மாவும் இருந்துக்கறோம். உங்களுக்குப் பின்கட்டுல ஒரு அறை சொல்லிவெச்சிருக்கேன்."

கார் கிளம்பியது. தெருமுனைப் பள்ளத்தில் பூப்போல இறங்கி ஏறிப் போயிற்று. ஒரு முணுமுணுப்புக் கூட இல்லை. அளவு அவ்வளவு கச்சிதம்.

பஸ் நிலையத்தில் சகலை தொப்பி, குடை, தண்ணீர்ப் புட்டி சகிதம் காத்திருந்தார். கூட மனைவியின் அக்காவும் நின்றிருந்தாள். கையில் பை எதுவும் இல்லை.

"நீங்க வரலையா?" என்று அவளிடம் கேட்டார் கண்ணாடிக்காரர், மூச்சு வாங்கப் பெட்டிகளை இறக்கிக்கொண்டே.

"நான் எதுக்கு? இவர் ரெண்டு நாள் வீட்ல இல்லைன்னா எனக்கு அதுவே ஏரி, அதுவே மலை" என்றாள் அவள். கணவரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் நகரும் வரை கூட நிற்காமல் துள்ளி நடந்து போனாள்.

இடம் கிடைத்தது பின் சக்கரத்துக்கு நேர் மேலே. கண்ணாடிக்காரரின் முழங்கால் முகவாய்க்கு வந்தது. முழங்காலுக்கு மேல் பெட்டி. பெட்டிக்கு மேல் சகலையின் குடை. ஜன்னலோரம் சகலை.

"ஒரு விதத்துல இதுவும் நல்லதுதான் சகல" என்றார் சகலை. "கார்ல பேசினா உங்களுக்குப் பாதிதான் காதுல விழும். ரோட்டைப் பார்த்துட்டு இருப்பீங்க. இப்ப நிம்மதியா பேசலாம். டயர் அளவு விஷயமா நீங்க எங்க தப்புப் பண்ணீங்கன்னு முதல்லேர்ந்து சொல்றேன்."

பஸ் மலைக்குத் திரும்பியது. நடத்துநர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெட்டிக் குவியலுக்குப் பின்னால் எத்தனை தலை இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

"இங்க எத்தனை பேர்?"

சகலை கண்ணாடிக்காரரின் தோளில் கையைப் போட்டு அணைத்துக்கொண்டார்.

"நாங்க ரெண்டு பேர் மட்டும்தான்."